லிங்க் ஆடாதிருக்க: தோட்டப்புற வலையமைப்புக்குப் புதிதாய் வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மாதத்தின் முதல் வாரம் சம்பள வாரம். முந்திய மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் விதித்திருக்கும் கெடு. அதனால் 5, 6ஆம் தேதிகளில் தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்) வங்கியின் இணையத்தளத்தில் சம்பளப் பட்டியலை ஏற்றிக்கொண்டிருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பிற்பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது. “தம்பி, லைன் இருக்கு. வாட்சப் எல்லாம் வருது. ஆனா பேங்க் மட்டும் என்னை வெளியே வெளியே தள்ளுது. மூணு வாட்டி முதல்லேர்ந்து ஏத்திட்டேன்” என்றார் கிராணி அக்கா.

போய்ப் பார்த்தேன். பைபரும் (கண்ணாடி இழைவழி இணைப்பு) உயிரோடுதான் இருந்தது, மாற்றாக வைத்திருந்த 4ஜி மோடமும் உயிரோடுதான் இருந்தது. ஆனால் எந்தப் பாதையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் பெட்டியான ரவுட்டரின் பதிவேட்டில், ஒரு மணி நேரத்துக்குள் பைபரிலிருந்து 4ஜிக்கும் 4ஜியிலிருந்து பைபருக்கும் முப்பது முறைக்கு மேல் தாவியதாகப் பதிவாகியிருந்தது. ஒரே ஒரு பிங் தவறினால் மாறு, ஒரே ஒரு பிங் கிடைத்தால் திரும்பு என்று அந்த ரவுட்டரை அமைத்தவன் நான்தான். பிங் என்பது ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி. ஒவ்வொரு தாவலிலும் வெளியுலகுக்குத் தெரியும் ஐபி முகவரி மாறுகிறது. பாதி வழியில் இருக்கும் இணைப்புகள் அறுந்துவிடுகின்றன. ஒரே ஆள் நிமிடத்துக்கு நிமிடம் வேறு வேறு முகவரியிலிருந்து வருவதைக் காணும் வங்கித் தளம், பாதுகாப்புக் கருதி அவரை வெளியேற்றிவிடுகிறது. பைபர் ஒரேயடியாகச் செத்திருந்தால் 4ஜியிலேயே பத்து நிமிடத்தில் அந்த வேலை முடிந்திருக்கும்.

எங்கள் பேச்சில் இதை ‘லிங்க் ஆடுகிறது’ என்போம். தோட்ட அலுவலகம், தமிழ்ப்பள்ளியின் கணினி அறை, கூட்டுறவுக் கடை, சிறு மருந்தகம் போன்ற இடங்களின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, இந்த ஆட்டத்தை நிறுத்தும் முறையை நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கம்பியும் கம்பமும்

ரவுட்டரின் அமைப்பைத் தொடுவதற்கு முன்னால் லிங்க் ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். காலக்கெடு எண்களைக் கூட்டிக் குறைத்து ஆட்டத்தை மறைத்துவிட முடியும். ஆனால் மறைத்த கோளாறு உள்ளேயே வளர்ந்து, ஒரு நாள் மொத்தமாகப் படுத்துவிடும். ஆகவே எல்லா ரவுட்டர்களிலும் கடிகாரம் இணைய நேரத்தோடு தானாகச் சரிசெய்துகொள்ளும்படி அமைத்துவிட்டு, பதிவேட்டை ஒரே கணினியில் சேரவிட்டு, ஒரு வாரம் பொறுத்து, லிங்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆலையில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும் வேளையில் விழுந்தால் மின்சாரத்தைப் பாருங்கள்; யுபிஎஸ் இல்லாத ரேடியோவும், வயதான அடாப்டரும் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே அணைந்து எழும். நொடி பிசகாமல் சம இடைவெளியில் விழுந்தால், அது இயற்கையின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை. எங்கோ ஒரு அமைப்பு தவறாக இருக்கிறது.

பிற்பகல் மழைக்குப் பிறகு விழுந்தால்? இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செம்பனைக்கு நடுவில் வேலை செய்பவர்கள் மட்டுமே படும் பாடு இது. நகரத்து அலுவலகத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்ட அலுவலகத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அலை நூல் பிடித்த கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்த வெள்ளரிக்காயைப் போல விரிந்து, மறுமுனையில் சுருங்குகிறது. அந்த வடிவத்துக்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். 4 கிலோமீட்டர் லிங்க்கில் அதன் நடுப்பகுதியின் ஆரம் ஏறத்தாழ 7 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது 4.3 மீட்டராவது, தடையின்றி இருக்க வேண்டும். செம்பனையின் தண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் உயர்கிறது. கம்பம் நட்ட ஆண்டில் கீழே இருந்த மட்டைகள், சில ஆண்டுகளில் அந்த மண்டலத்துக்குள் தலையை நீட்டிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த இலைதான் தடுக்கிறது. மழை விட்டபின் காற்றில் ஈரமட்டை அசைய அசைய லிங்க் விழுந்து எழும், வெயில் ஏறி மட்டை உலர்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். நீங்கள் காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். மழை விட்ட கையோடு போங்கள், தொலைநோக்கியைக் கையில் எடுத்துப் போங்கள். கம்பத்தை உயர்த்துவதே இதற்குத் தீர்வு. ரவுட்டரில் எந்த எண்ணை மாற்றினாலும் மரம் குட்டையாகாது.

எதைப் பார்த்து ‘உயிர் இருக்கிறது’ என்று முடிவு செய்வது

காரணத்தைச் சரிசெய்த பிறகும், வெளிநாட்டுக் கேபிள் முதல் மின்னல் வரை நம் கையில் இல்லாதவை நிறைய உண்டு. ஆகவே மாற்றுப்பாதை வேண்டும். ரவுட்டர் தானாக மாறவும் வேண்டும். முதல் கேள்வி, முதன்மைப் பாதை போய்விட்டது என்பதை ரவுட்டர் எப்படி அறிகிறது என்பது.

பைபர் மோடத்தையே பிங் செய்து பார்ப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மோடம் உங்கள் அறையில், உங்கள் மின்சாரத்தில் ஓடுகிறது. வெளியே பைபர் அறுந்து கிடந்தாலும் அது பதில் சொல்லும். ரவுட்டரும் நம்பிக்கொண்டு, போகாத பாதையில் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே தொலைவில், எப்போதும் பதில் தரும் முகவரிகள் இரண்டையாவது பார்க்க வேண்டும், 8.8.8.8, 1.1.1.1 ஆகிய இரண்டையும் பலர் பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே பதில் தராவிட்டால் மட்டும் பாதை போனதாகக் கொள்ளுங்கள். ஒன்று மட்டும் பேசாவிட்டால் அது அந்த முகவரியின் கோளாறு.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. பைபர் விழுகிறது, ரவுட்டர் 4ஜிக்கு மாறுகிறது. இப்போது சோதனைப் பிங் எந்த வழியாகப் போகும்? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், மற்ற எல்லாப் பாக்கெட்டுகளையும் போல அதுவும் 4ஜி வழியாகப் போய், நல்ல பதிலோடு திரும்பும். ரவுட்டர் ‘ஆகா, பைபர் வந்துவிட்டது’ என்று திரும்பும். அங்கே பிங் தவறும். மீண்டும் 4ஜி. பைபர் அசையாமல் செத்துக் கிடக்க, ரவுட்டர் மட்டும் மணிக்கணக்கில் இப்படி ஆடிக்கொண்டிருப்பதை நான் வெவ்வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். இதைத் தவிர்க்க, சோதனை முகவரிகள் இரண்டுக்கும் ‘பைபர் வழியாக மட்டுமே போ’ என்று தனி நிலைப்பாதை (தானாக மாறாத வழி) எழுதிவிட வேண்டும். பைபர் போனாலும் அந்தப் பிங் வேறு வழியில் தப்பிப் போகக்கூடாது. இப்படிக் கட்டிவைத்த முகவரிகளை அலுவலகக் கணினிகளுக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆகக் கொடுக்காதீர்கள். பைபர் விழுந்ததும் அவற்றுக்குப் போகும் வழியே இல்லாமல், 4ஜி நன்றாக ஓடும்போதே ‘இணையம் இல்லை’ என்று எல்லாரும் கூப்பிடுவார்கள்.

விரைந்து விலகு, பொறுத்துத் திரும்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இந்தப் பகுதியை வையுங்கள். பாதையை விட்டு விலகுவதற்கும் அதற்குத் திரும்புவதற்கும் ஒரே அளவுகோல் வைக்கக்கூடாது. விலகத் தாமதித்தால் எல்லாரும் வேலையற்று உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே விலகல் விரைவாக இருக்கட்டும். திரும்பத் தாமதித்தால் நட்டம் என்ன? இன்னும் சிறிது நேரம் 4ஜியில் ஓடும், அவ்வளவுதான். ஆகவே திரும்புதல் நிதானமாக இருக்கட்டும்.

நான் வைப்பது இது: 5 விநாடிக்கு ஒரு பிங், தொடர்ந்து 3 தவறினால் விலகல். அதாவது ஏறத்தாழ 15 விநாடி. திரும்ப வேண்டுமானால் 10 நிமிடம் இடைவிடாமல் ஒழுங்கான பதில் வர வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் 10 நிமிடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒரு மணி நேரத்தில் மூன்றாம் முறையாக விழுந்தால், திரும்பும் காத்திருப்பை 30 நிமிடமாக்கிவிடுகிறேன். மைக்ரோடிக் ரவுட்டர்களில் பாதையோடு சேர்ந்தே வரும் கேட்வே (வெளியே போகும் வாசல்) சோதனை 10 விநாடிக்கு ஒரு முறை பார்த்து, இரண்டு முறை பதில் வராவிட்டால் பாதையை விலக்குகிறது. ஆனால் பதில் மீண்டும் வந்த உடனே பாதையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே காத்துத் திரும்பும் வேலையைச் சிறு ஸ்கிரிப்ட் எழுதி நாம்தான் சேர்க்க வேண்டும்.

பாதை மாறும் கணத்தில், செத்த பாதையோடு பிணைந்திருக்கும் பழைய இணைப்புகளின் பதிவையும் ரவுட்டரின் நினைவிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இணையத் தொலைபேசி போன்றவை பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு, பாதை மாறிய பிறகும் நெடுநேரம் பேசாமல் கிடக்கும்.

பெரிய இணையத்திலும் இதே நோய்க்கு இதே மருந்தை முயன்றார்கள். 1998இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2439, அடிக்கடி விழுந்து எழும் பாதைக்குத் தண்டப்புள்ளி விதிக்கும் முறையை வகுத்தது. சிஸ்கோ ரவுட்டர்களின் இயல்பான அமைப்பில், ஒரு முறை விழுந்தால் 1000 புள்ளி. புள்ளி 2000ஐத் தாண்டினால் பாதை ஒதுக்கிவைக்கப்படும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளி பாதியாகும். 750க்குக் கீழே வந்தால் பாதை மீண்டும் சேர்க்கப்படும். அடுத்தடுத்து மூன்று முறை விழுந்த பாதை 3000 புள்ளியோடு நிற்கும். 15 நிமிடத்தில் 1500, 30 நிமிடத்தில் 750 என்று இறங்கி, அரை மணி கழித்தே உள்ளே வரும். இந்த எண்கள் மிகக் கடுமையானவை என்று பின்னர் தெரிந்தது. ஒரே ஒரு மாற்றம்கூட இணையத்தில் பரவும்போது பல மாற்றங்களாகப் பெருகித் தெரிவதால், குற்றமற்ற பாதைகளும் தண்டிக்கப்பட்டன. ஐரோப்பிய வலையமைப்பாளர் கூட்டமைப்பான ரைப் 2006இல் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. 2013இல் ஒதுக்கும் எல்லையைக் குறைந்தது 6000 ஆக உயர்த்தினால் பயன்படுத்தலாம் என்றது. பொறுமைக்கும் அளவு உண்டு என்பதால்தான் நானும் 10 நிமிடத்தோடு, மிஞ்சினால் 30 நிமிடத்தோடு, நிறுத்துகிறேன், ஒரு நாள் முழுக்கத் தண்டிப்பதில்லை.

நெரிசலைப் பார்த்துப் பாதை மாற்றாதீர்கள்

‘பைபரில் கூட்டம் அதிகமானால் 4ஜிக்குத் திருப்பு, குறைந்தால் பைபருக்குத் திருப்பு’ என்று அமைக்க எல்லாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அந்த ஆசையின் விளைவை இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டை அமைத்தவர்கள் நமக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள்.

1969இல் தொடங்கிய அந்த வலையமைப்பின் முதல் முறை, ஒவ்வொரு கம்பியிலும் அந்தக் கணத்தில் எத்தனை பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன என்பதைக்கொண்டு பாதையைத் தேர்ந்தது. கண நேர வரிசை நம்பத்தகுந்த அளவு அல்ல. பாதைகள் ஓயாமல் மாறின. 1979இல் வந்த இரண்டாம் முறை, 10 விநாடிகளில் ஏற்பட்ட தாமதத்தின் சராசரியைக் கணக்கில் எடுத்தது. கூட்டம் குறைவான வேளையில் அது நன்றாக ஓடியது. கூட்டம் மிகுந்தபோது வேறு தொல்லை வந்தது. நம் ஊர்ப்புறமாகச் சொன்னால், ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரிகளுக்கு ஆற்றோரச் சாலை, மேட்டுச் சாலை என இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆற்றோரச் சாலையில் நெரிசல் என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. எல்லாரும் மேட்டுச் சாலைக்குத் திரும்புகிறார்கள். அடுத்த செய்தி, மேட்டுச் சாலையில் நெரிசல், ஆற்றோரம் காலி. எல்லாரும் மறுபடி இங்கே. இரண்டு சாலைகள் இருந்தும், எப்போதும் ஒன்று அடைத்தும் மற்றது வெறிச்சோடியும் கிடக்கும்.

1987இல் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். நெரிசல் மிகுந்த கம்பியின் செலவு எண் (இது குறைவாக உள்ள பாதையையே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும்), அது சும்மா இருக்கும்போது உள்ள எண்ணைப்போல் மூன்று மடங்கைத் தாண்டாது. ஒரு தடவையில் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று வரம்பும் வைத்தார்கள். ஆட்டம் அடங்கியது. இன்று நாம் பயன்படுத்தும், ரவுட்டர்கள் தமக்குள் பேசிப் பாதையைக் கணக்கிடும் ஓஎஸ்பிஎஃப் போன்ற முறைகள் இயல்பாக நெரிசலையே பார்ப்பதில்லை. கம்பியின் கொள்ளளவு போன்ற நிலையான எண்ணை மட்டும் பார்க்கின்றன.

இரண்டு இணைப்பையும் ஒருசேரப் பயன்படுத்த வேண்டுமானால், ஆட்களைப் பிரியுங்கள்: பள்ளிக் கணினி அறை 4ஜி, அலுவலகம் பைபர் என்று முகவரிவாரியாக நிலையாக ஒதுக்குங்கள். அல்லது ஒவ்வொரு கணினியின் முகவரியையும் வைத்துக் கணக்கிட்டு, ஒரு கணினி எப்போதும் ஒரே பாதையில் போகும்படி அமைக்கலாம். வேகம் சற்று ஏற்றத்தாழ்வாக இருக்கலாம். ஆனால் கிராணியை வங்கி வெளியே தள்ளாது.

மூன்று இடங்களை இணைக்கும்போது

நகர அலுவலகம், தோட்ட அலுவலகம், ஆலை என்று மூன்று முனைகளை முக்கோணமாக இணைத்தால், கையால் எழுதும் நிலைப்பாதைகள் சிக்கலாகத் தொடங்கும். நகர ரவுட்டர் தன் பைபர் போனால் தோட்டத்தின் வழியே போகும்படியும், தோட்ட ரவுட்டர் தன் 4ஜி போனால் நகரத்தின் வழியே போகும்படியும் எழுதியிருந்தால், இரண்டும் ஒரே நாளில் போகும்போது பாக்கெட் இரண்டுக்கும் நடுவே பந்தாய் அலையும். 64 என்ற ஆயுள் எண்ணோடு புறப்பட்ட பாக்கெட், ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, சுழியாகும் வரை சுற்றும். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டில் இரண்டு முகவரிகள் மாறி மாறி வந்தால் இதுதான் நடக்கிறது.

ஆகவே ஓஎஸ்பிஎஃப் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான் கவனிப்பவை சில. ரவுட்டரின் அடையாள எண்ணைக் கையால் நிலையாக எழுதுங்கள். தானாக எடுத்துக்கொள்ள விட்டால், ஒரு முகவரி மாறிய பிறகு ரவுட்டரை அணைத்து எழுப்பும்போது அடையாளமே மாறிவிடக்கூடும். அண்டை ரவுட்டருக்கு அனுப்பும் ஹலோ செய்தி 10 விநாடிக்கு ஒன்று, அற்றுப்போனதாகக் கருதும் கெடு 40 விநாடி என்ற இயல்பான அமைப்பை இரு முனையிலும் ஒன்றுபோல் வையுங்கள். எண் வேறுபட்டால் அண்டை உறவே ஏற்படாது. இரு முனையின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் மிகப் பெரிய) அளவு வேறுபட்டால், உறவு பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கும். செலவு எண்ணைக் கணக்கிட 100 மெகாபிட்டை அடிப்படையாக எடுக்கும் ரவுட்டர்களில் 100 மெகாபிட் கம்பிக்கும் 1 கிகாபிட் கம்பிக்கும் ஒரே எண் 1 விழும். அடிப்படையை எல்லா ரவுட்டரிலும் ஒன்றுபோல் உயர்த்துங்கள், அல்லது செலவு எண்ணைக் கையால் எழுதுங்கள்.

பிஎஃப்டி என்ற விரைவுச் சோதனை, 300 மில்லி விநாடிக்கு ஒன்றாக மூன்று தவறினால், ஒரு விநாடிக்குள்ளாகவே லிங்க் போய்விட்டது என்று அறிவிக்கும். பைபருக்கு அது நல்லது. மட்டைகளுக்கு மேலே போகும் ரேடியோவுக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு ஈரக்காற்றுக்கும் மூன்று ரவுட்டர்களும் பாதைக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். இணையத்துக்கான இயல்புப் பாதையை, நகர அலுவலகப் பைபர் உயிரோடிருக்கும்போது மட்டும் மற்றவர்களுக்கு அறிவிக்கும்படி அமைத்தால், நகரத்தில் பைபர் ஆடும்போதெல்லாம் தோட்டமும் ஆலையும் சேர்ந்து ஆடும். நகர ரவுட்டர் அதை எப்போதும் அறிவித்துக்கொண்டே இருக்கட்டும். பைபரா 4ஜியா என்பதை அது தனக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளட்டும். ஓரிடத்தின் ஆட்டம் அந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதே இங்கே நோக்கம்.

பெரிய வலையமைப்புகள் தமக்குள் பாதைகளை அறிவித்துக்கொள்ளும் முறையான பிஜிபி நம் அளவுக்கு அநேகமாகத் தேவைப்படாது. தேவைப்பட்டால், நீங்கள் அறிவிக்கும் முகவரிகளுக்கு முதல் நாளிலேயே வடிகட்டி போட்டுவிடுங்கள். 2015 ஜூன் 12 அன்று டெலிகாம் மலேசியா ஏறத்தாழ 179,000 முகவரித் தொகுதிகளை லெவல் 3 நிறுவனத்துக்குத் தவறாக அறிவித்து, லெவல் 3 அவற்றை ஏற்றுக்கொண்டதால், உலகின் பல பகுதிகளில் இணையம் தடுமாறியது. இரு பக்கமும் வடிகட்டி வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலிருந்தே உதாரணம் இருக்கிறது.

சோதித்துப் பார்த்தல்

அமைத்து முடித்ததும், சம்பள வாரத்துக்கு வெளியே ஒரு நாள், அலுவலகம் மூடிய பின் சோதியுங்கள். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது மட்டும் போதாது. அப்போது ரவுட்டர் தன் வாசலிலேயே கம்பி போனதை உணர்ந்து உடனே மாறிவிடும், உங்கள் பிங் சோதனைக்கு வேலையே இருக்காது. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் பைபர் முனையைக் கழற்றுங்கள். அதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தூசு படாமல் மூடி போடுங்கள். எத்தனை விநாடியில் 4ஜிக்கு மாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பைபரைச் செருகி 5 நிமிடம் விட்டு மறுபடியும் கழற்றுங்கள். இந்த இடைவெளியில் ரவுட்டர் 4ஜியை விட்டு அசைந்திருக்கக் கூடாது. அசைந்திருந்தால் திரும்பும் காத்திருப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். அசையாதிருந்தால் பைபரைச் செருகி, 10 நிமிடம் காத்திருந்து, அது ஒரே ஒரு முறை திரும்புவதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, அந்த வரியின் நேரத்தை ரவுட்டர் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள்.